புளியில் கழுவிய ரவைக்கோதுகள்

என் அக்காவின் கணவர் துவக்கில் போட்டுச் சுடும் ரவைகளை வீட்டிலேயே செய்கிறவர் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சண்டைக்குப் பயந்து ஓடிவந்த சனத்துக்கு இது எங்கே விளங்கப்போகிறது? எனக்கே விளங்கவில்லை. ஆனால் இங்கே நோர்வேயில் இது சட்டப்படியான பொழுதுபோக்கு. சுட்டு முடிந்த பித்தளைக் கோதை எடுத்து, கைப்பிடி வைத்த பிரஸ்ஸில் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, அடியில் தட்டினால் தீப்பற்றும் புதுக் கேப்பு பதித்து, வெடிமருந்து நிறைத்து, வாயில் குண்டைச் செருகினால் மறுபடியும் ரவை. சிலர் மீன் பிடிக்கிறார்கள், சிலர் முத்திரை சேர்க்கிறார்கள். குலேந்திரன் அத்தான் இதைச் செய்தார்.

அவர் பஸ் திருத்தும் கராஜில் வேலை. அங்கே கூட வேலை செய்யும் கிறிஸ்ரியன் என்ற நோர்வேக்காரன்தான் அவரைத் தன் வேட்டைக் குழுவில் சேர்த்துக்கொண்டான். இலையுதிர் காலத்தில் எல்க் என்ற பெரிய மானைச் சுடப் போவார்கள். அத்தான் கொண்டுவரும் இறைச்சிப் பங்கை அக்கா பூமணி மிளகு அள்ளிப் போட்டுக் கறியாக்குவாள். அந்தக் குழு முழுவதும் ஹவுகன்ஸ்டுவா என்ற எங்கள் பகுதியில் இருக்கும் அத்தான் வீட்டுக்கு வந்து, மூக்கு ஒழுக ஒழுக இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்.

அக்கா புற்றுநோயில் போய் இரண்டு வருடம். அதன் பிறகு அத்தான் கோயிலுக்கு வருவதில்லை, கலியாண வீடுகளுக்கு வருவதில்லை. வேலைக்குப் போவார், வருவார், கீழே நிலவறையில் இருக்கும் சாமான் அறைக்குள் போய் ரவை செய்வார். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. வருடத்தில் சில நாட்கள் அந்த நோர்வேக்காரர்களோடு காட்டுக்குப் போவது ஒன்றுதான் அவருக்கு மனிதர்களோடு மிச்சமிருந்த ஒட்டு.

நான் அடுத்த கட்டடத்தில் இருக்கிறேன், முதியோர் இல்லத்தில் வேலை. ஆகவே அவருடைய விரல்களுக்கு நானே டொக்டர். ஒருநாள் பெருவிரலைப் பிரஸ்ஸுக்குள் கொடுத்து நகம் கறுத்துப்போய் வந்தார். பிறகொரு நாள் எண்ணெய் பூசாமல் அழுத்திய கோது உள்ளே இறுகிவிட, குறட்டால் இழுத்து, குறடு வழுக்கி, விரல் மொளியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. சாப்பாடு கொடுக்கப் போன எனக்குக் கதவைத் திறந்தபோது சேட்டில் இரத்தம். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"நோகேல்லையோ அத்தான்?"

"இல்லைப் பிள்ளை."

"பொய் சொல்லாதேங்கோ."

"பொய் இல்லை. நோகேல்லை."

வைகாசியில் கேப்பு பதிக்கும்போது ஒன்று கோணலாகப் போய் வெடித்துவிட்டது. கை சுட்டுப் பொக்களித்து, இடது புருவம் பாதி கருகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"கண்ணாடி போடச் சொன்னனானெல்லோ! கண் போயிருந்தால் ஆர் பார்க்கிறது? உங்களுக்கு விசரோ?"

"கண் போகேல்லைத்தானே, தக்ஷா," என்றார், யாரோ ஒருவருடைய கண்ணைப் பற்றிச் சொல்வதுபோல. அடித்துவிடலாம்போல் இருந்தது. என் அக்காவைப் பறிகொடுத்துவிட்டு நான் பஸ்ஸிலும் அழுகிறேன், வேலையிலும் அழுகிறேன், இந்த மனிதன் மரம்போல் நிற்கிறாரே என்ற ஆத்திரமும் அதில் இருந்தது.

கருகிய புருவத்தை கராஜில் கிறிஸ்ரியன் கண்டுவிட்டான். அவன் கொஞ்சமும் வளைத்துப் பேசத் தெரியாத ஆள். "வேட்டைக்கு முன் சுடும் சோதனை இருக்கிறது. அங்கே உன்னுடைய ரவையில் ஒரு பிழை வந்தாலும் இந்த வருடம் உனக்கு இடமில்லை," என்று சொல்லிவிட்டான். அத்தான் இதை என்னிடம் காலநிலை சொல்வதுபோல் சொன்னார். அந்தக் குழுவும் கைவிட்டால் இவர் அந்த நிலவறையிலேயே கிடந்து போய்விடுவார்.

அதனால் அழுக்கால் ஒரு பிழையும் வரக்கூடாதென்று சோதனைக்கான கோதுகளை நன்றாகக் கழுவச் சொல்லி நானே வற்புறுத்தினேன். வேறு ஆட்கள் அதற்கென்று மெஷின் வைத்திருக்கிறார்களாம். அத்தான் குசினி அலுமாரியைத் திறந்து அக்கா வாங்கி வைத்த புளியை எடுத்தார். புளியும் உப்பும் போட்டு, எங்கள் வீடுகளில் குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரித் தேய்த்தார். கோதுகள் பொன்னாக மின்னின. குத்துவிளக்கைத் துடைப்பது போலவே துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து மருந்தை நிரப்பிவிட்டார். விளக்குக்கு அது போதும். ஆனால் கோதின் ஒடுங்கிய வாய்க்குள் துணி போகுமா? உள்ளே ஈரம் கிடந்திருக்கிறது. அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்று அழகு பார்த்த எனக்கும் தோன்றவில்லை.

பெருவிரல் வீங்கியிருந்ததால் சுடுதளத்துக்குக் காரை நான்தான் ஓட்டினேன். தூரத்தில் எல்க் படம் வரைந்த பலகை. காதில் மூடி போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். முதல் இரண்டு வெடியும் நெஞ்சில் அதிர்ந்தன. மூன்றாவது "பொத்" என்றது, தலையணையைப் போட்டு அடித்த மாதிரி. துவக்கே தெரியாத எனக்குக்கூட அது பிழை என்று விளங்கியது. அத்தானோ வெற்றுக் கோதைத் தட்டிவிட்டு அடுத்த ரவையை ஏற்றி, மறுபடி குறி பார்த்தார்.

"நிறுத்து!" என்று கத்திக்கொண்டு பாய்ந்த கிறிஸ்ரியன் அவருடைய கையைப் பிடித்துவிட்டான். ரவையை வெளியே எடுத்து, துவக்கைத் திறந்து, குழாய்க்குள் பார்த்தான். ஈரமான மருந்து சரியாக எரியாமல் குண்டு நடுவழியில் சிக்கிக் கிடந்தது. அதன்மேல் அடுத்ததைச் சுட்டிருந்தால் குழாய் பிளந்து முகத்திலேயே வெடித்திருக்கும் என்று எனக்கு விளக்கினான். அவனுடைய உதடு வெளுத்திருந்தது.

"சத்தம் கேட்கவில்லையா?" என்று அத்தானைக் கேட்டான்.

"கேட்டது."

"குறைந்த சத்தம் என்று தெரியவில்லையா?"

"தெரிந்தது."

"நான் கத்தியிருக்காவிட்டால் சுட்டிருப்பாயா?"

இல்லை என்று சொல்லுங்கோ, கவனிக்கவில்லை என்றாவது சொல்லுங்கோ என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். அத்தான் சொன்னார்: "சுட்டிருப்பேன்."

"உனக்குச் சாக விருப்பமா, குலேன்?"

எங்கள் ஆட்களில் ஒருவர்கூட இப்படி முகத்துக்கு நேரே கேட்டிருக்க மாட்டார்கள். அத்தான் கோபப்படவில்லை. கடையில் எந்தப் பால் வேண்டும் என்று கேட்டால் யோசிப்பாரே, அப்படி யோசித்தார். "தெரியாது," என்றார்.

கிறிஸ்ரியன், அது இல்லாமல் சுட முடியாத பூட்டுப் பாகத்தைத் துவக்கிலிருந்து கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டான். எல்லாம் முடிந்தது, ஆளைக் குழுவிலிருந்து கலைத்துவிடப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் சொன்னான்: "இந்த வருடம் உனக்குத் துவக்கு இல்லை. நாளைக்கு டொக்டரிடம் போகிறோம், நானும் வருவேன். வேட்டைக்கு நீ வருகிறாய். என்னுடைய காவலிடத்தில், என் பக்கத்தில் இருக்கிறாய்."

"அங்கே ஓராள்தானே இருக்கிறது," என்றார் அத்தான்.

"இந்த முறை இரண்டு ஆள்."

புரட்டாதிக் கடைசியில் வேட்டைக்குப் போனார்கள். எல்க் வரும்வரை ஒளிந்து காத்திருக்கும் அந்தக் காவலிடத்தில் வாயே திறக்கக் கூடாது. இருமக்கூட மாட்டார்களாம், எல்க்குக்கு அவ்வளவு காது. அன்று பின்னேரம் கிறிஸ்ரியன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். நான் பயந்துபோய்த்தான் எடுத்தேன்.

காலையில் பனிப்புகாருக்குள் சும்மா இருந்த அத்தான் திடீரென்று பேசத் தொடங்கினாராம். தமிழில். முதலில் மெதுவாக, பிறகு வீட்டில் இருந்து கதைப்பதுபோல் உரத்து. நிற்கவே இல்லையாம். இடையில் ஒரு பெரிய எல்க் மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்து, சத்தம் கேட்டு நின்று, இவர்கள் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாம்.

"நீ அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லவில்லையா?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றான் கிறிஸ்ரியன். "என்ன சொன்னான் என்று எனக்கு விளங்கவில்லை. பூமணி என்பது மட்டும் விளங்கியது."

அந்த வருடம் அந்தக் குழுவுக்கு இறைச்சி கிடைக்கவில்லை.