துருப்பிடித்த கூலர் பைப்பும் எங்கள் உரக் குடோனும்

மெக்கானிக் தொழிலில் பாதி நேரம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்க வேண்டும், மீதி நேரம் வண்டிக்கு வெளியே நிற்பவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். முதலாவதில் முதுகு மட்டும்தான் வலிக்கும்.

பழைய வண்டி வைத்துக்கொண்டு அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கேரளத்தில் ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஃபேக்டரி ஃபிட்டராக இருந்தேன். ஒரு வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியதற்காக வெளியே அனுப்பினார்கள். என்னோடு கொடி பிடித்தவர்களில் சிலர் இன்று காரில் போகிறார்கள். நான் காருக்கு அடியில் போகிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் சங்கத்தின் துண்டுப் பிரசுரங்கள்தான். அவற்றைப் படித்து வளர்ந்து, பிறகு நானே எழுதவும் செய்தேன். இப்போது சங்கத்தில் கௌரவத் தலைவர். பேசலாம், யாரும் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதலாளிகள் தோட்டத்தைக் கைவிட்டுப் போனபோது கடைசி மேனேஜர் தன் பழைய ஆட்டோமேட்டிக் ஜீப்பை இங்கேயே விட்டுப் போனார். தர்மசிந்தனை ஒன்றும் இல்லை, அன்று அது நகரவில்லை. நான் நகர வைத்தேன். அன்றிலிருந்து அது லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மக்களின் ஆம்புலன்ஸ். எல்லாரையும் விடச் செல்வமணிக்கு அது வேண்டும். கொழுந்து பறித்து ஓய்ந்த அவளுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறி மூச்சு முட்டும். மழைக்காலத்தில் வாடகை ஜீப்காரர்கள் எங்கள் பாதையில் இறங்க மாட்டார்கள். ஆகவே வண்டி ஓடினால்தான் செல்வமணி பிழைப்பாள்.

அந்த வண்டியின் கியர்பாக்ஸில் சூடாகும் ஆயிலை முன்னால் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், ஆறவைத்து, திரும்பக் கொண்டுவர இரண்டு ஒல்லி இரும்புக் குழாய்கள் உண்டு. கூலர் பைப் என்போம். அந்த இரண்டிலும் துரு.

பாதையில் ரத்தம்

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலின் நிறம் சிவப்பு. இது எனக்குத் தெரியும், வண்டி ஓட்டும் அந்தோணிக்குத் தெரியும், வனத்துறை வாச்சருக்குத் தெரியாது. அந்தோணி முன்பு ஃபேக்டரியில் இரவுக் காவல் பார்த்தவன். எதையும் பதற்றமில்லாமல் பார்ப்பான். பைப்பில் முதல் ஓட்டை விழுந்தபோது, சொட்டுகிறதே என்று நினைத்தானாம், மழைதானே என்று விட்டுவிட்டானாம்.

கலுங்குப் பாலத்திலிருந்து லயம் வரை பாதை நெடுகச் சிவப்புச் சொட்டு. வாச்சர் அதைப் பார்த்து, யாரோ மிளா மானைச் சுட்டு இழுத்துப்போகிறார்கள் என்று முடிவு கட்டி, ரேஞ்ச் ஆபீசுக்குப் போன் செய்துவிட்டு, குனிந்தபடியே மேலே ஏறி வந்திருக்கிறார். சொட்டு முடிந்த இடம் செல்வமணியின் வாசல். அன்று ஞாயிற்றுக்கிழமை, அடுத்த வீட்டில் இறைச்சி கொதிக்கிற வாசனை. வாச்சர் சட்டி மூடியைத் திறந்து பார்த்தார், கட்டிலுக்கு அடியில் பார்த்தார், கடைசியில் வண்டிக்கு அடியில் பார்த்தார். அவளை இறக்கிவிட்டு நின்ற வண்டியில் ஓட்டையைத் தேடிக்கொண்டு அங்கே நான் இருந்தேன். என் முகத்திலும் சிவப்புதான். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்து ஆயில் என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பிறகுதான் அவருக்குக் கவலை வந்தது.

"சேச்சி, ஞான் ஆபீஸ்ல போன் பண்ணிப் பறஞ்சுபோச்சு. இனி ரிப்போர்ட் வேணும். ஏது மிருகம்னு எழுதறது?" என்று செல்வமணியிடமே கேட்டார்.

கதவில் சாய்ந்து நின்றிருந்த செல்வமணி சொன்னாள்: "ஆட்டோமேட்டிக்குன்னு எழுதுங்க சார்."

தண்ணிக் கழிவு

துருப்பிடித்த இடத்தை வெட்டிவிட்டு ரப்பர் ஹோஸ் மாட்டலாமே என்று கேட்பீர்கள். என்னிடம் கேட்காத ஆள் இல்லை. அதற்கென்று உள்ள ஹோஸ் என்றால் கொஞ்ச நாள் தாங்கும். நான் ஊரில் இல்லாத ஒரு நாளில் அந்தோணி மாட்டியது ஏலக்காய்க்கு மருந்தடிக்கிற ஹோஸ். மருந்து சூடாக வராது, கியர் ஆயில் சூடாக வரும் என்பதை அந்த ஹோஸ் மட்டும்தான் யோசித்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஏற்றத்தில், அது அல்வா மாதிரி இளகிக் கழன்றது. ஆயில் சைலன்சரில் கொட்டி ஒரே புகை. எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பின் சீட்டில் செல்வமணி. மெஷின் அவளுக்காகக் காத்திருக்காது. நல்ல வேளையாகப் பின்னால் கொழுந்து ஏற்றிய பிக்கப் வந்தது. சாக்குகளுக்கு மேல் தார்ப்பாயைப் போட்டு அவளை உட்கார வைத்து, குடையும் கொடுத்து அனுப்பினான் அந்தோணி. ஆனால் கொழுந்து வண்டி, கொழுந்து வாங்கும் ஏஜென்டின் எடைமேடையை எடை போடாமல் தாண்டிப் போகக் கூடாது என்பது சட்டம். எடை போடுகிறவர் சட்டத்தை மீறாதவர். சாக்கு, தார்ப்பாய், செல்வமணி, குடை எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தார். மழைக் கொழுந்து என்றால் ஈரத்துக்காகத் தண்ணிக் கழிவு என்று ஒரு பங்கைக் குறைப்பது இங்கே வழக்கம். அதையும் மொத்தத்துக்கும் சேர்த்துச் செய்யத் தொடங்கினார்.

மேலேயிருந்து செல்வமணி சொன்னது: "தம்பி, என் தண்ணியக் கழிக்க அங்க மெஷின் இருக்கு, நீங்க கொழுந்துல மட்டும் கழிச்சுக்கிடுங்க."

ஆளுக்கு ஒரு வளைவு

இனிப் புதுப் பைப்தான் என்று முடிவு செய்தேன். பழையதைக் கழற்றியவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. நட்டைத் திருகினால் பைப்பும் சேர்ந்து முறுகும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தட்டி, கெஞ்சி, கடைசியில் திட்டினால்தான் வரும். எப்படியோ கழற்றி, அதே அளவில் இரும்புப் பைப் வரவழைத்தேன். நேராக, பளபளவென்று, பஸ்ஸில் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர்கள் மறித்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும் எந்தச் சரக்கும் அவர்கள் தோளில்தான் இறங்க வேண்டும். ஒரு கையால் தூக்கிவிடலாமே என்றேன். கூலி வேண்டாம் அண்ணே, உரிமைதான் வேணும் என்றார்கள். அந்த வாசகம் நான் எழுதியது. அவர்கள் போராட்டத்துக்கு நான் அடித்துக் கொடுத்த நோட்டீஸில் மூன்றாவது பத்தியில் வரும். நல்ல வாசகம். அதற்கு எதிராக நான் என்ன பேச முடியும்?

ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். ஆறு பேரும் ஆறு உயரம். ஆளுக்கு ஆள் மேடும் பள்ளமும், போதாததற்கு ஒருவருக்கு வழியில் இருமல். பின்நுனியில் முறைப்படி சிவப்புத் துணி கட்டி என் பட்டறை வாசலில் இறக்கியபோது, பைப் பாம்பாக நெளிந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் முன்னால் தூக்கி வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எப்படியும் நீங்க வளைக்கணும்லா அண்ணே, ஆளுக்கு ஒரு வளைவு நாங்களே போட்டாச்சு."

துருவுக்குக் கண்டனம்

அதில் இரண்டு வளைவு சரியாகவே இருந்தது. அவர்களிடம் நான் அதைச் சொல்லவில்லை.

பைப்பை மாட்டினேன். வண்டி பூப்போல ஓடியது. ஆனால் அந்த மழைக்காலம் முடிவதற்குள் புதுப் பைப்பிலும் பொரிப் பொரியாகத் துரு. அப்போதுதான் எனக்கு விளங்கியது: வண்டி நிற்பது உரக் குடோனில். தரையெல்லாம் பழைய உரம், உப்பு மாதிரி படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்கிறது. வண்டியை வெளியே நிறுத்துங்கள் என்று சங்கக் கமிட்டியில் சொன்னேன்.

அது சாதாரணக் குடோன் அல்ல. மழைக்கு ஒதுங்கிய பெண்களை மேனேஜர் விரட்டியடித்த இடம். தோட்டம் கைவிடப்பட்ட அன்றே பூட்டை உடைத்து உள்ளே போனோம். காலியாகக் கிடந்தால் கம்பெனி ஆள் வந்து மறுபடி பூட்டுவான் என்ற பயமும் நியாயமானது. செயலாளர் பால்ராஜ் எழுந்து என்னுடைய பழைய நோட்டீஸைப் படித்தார். நேற்று வந்த பையன், நான்தான் அவனுக்கு மைக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். என்னைவிட நன்றாகப் படித்தான். இந்தக் குடோனில் தொழிலாளியின் வண்டி நிற்கும், ஒரு நாளும் வெளியேறாது என்று முடிகிற நோட்டீஸ் அது. படித்து முடித்ததும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை தூக்கச் சொன்னபோது மெக்கானிக்காக யோசித்தேன், குடோனுக்காகத் தூக்கினேன். என் எழுத்துக்கு எதிராக நானே கை தூக்கியதில்லை.

துரு என்பது நிர்வாகம் விட்டுச்சென்ற சதி என்று தீர்மானம் நிறைவேறியது. அப்படியானால் பைப்புக்கு என்ன வழி என்று அந்தோணி கேட்டான். பால்ராஜ் சொன்னார்: "கண்டிச்சுத் தீர்மானம் போட்டாச்சுல்லா அண்ணே, இனி துரு பயப்படும்."

வண்டியை விட்டு இறங்காதவள்

துரு பயப்படவில்லை. அடுத்த கசிவை நான் வண்டிக்கு அடியில் பார்த்தபோது செல்வமணியும் மேலே நின்று பார்த்தாள். பைப் இன்னொரு தடவை ஏற்றத்தில் போனால் பிக்கப் வரும் என்று என்ன நிச்சயம்? கசிந்த இடத்தை அடைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து வந்தாள். அந்தோணி அவளை வாசலில் இறக்கப்போனான். இறங்கவில்லை. வண்டியைக் குடோனுக்கே விடச் சொன்னாள். குடோன் வாசலில் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பின் சீட்டில் காலை நீட்டிவிட்டாள். வண்டி உள்ளே போனால் தானும் உள்ளேதான், இனி அது தன் வாசலிலேயே நிற்கும் என்றால்தான் இறங்குவதாகச் சொன்னாள். கமிட்டி ஓடி வந்தது. எங்கள் சங்கத்தின் வரலாற்றில் எத்தனையோ உள்ளிருப்புப் போராட்டம் உண்டு. எங்களை எதிர்த்து யாரும் உட்கார்ந்ததில்லை. கோரிக்கையை எழுத்து மூலமாகக் கொடுத்தால் பரிசீலிப்போம் என்றார் பால்ராஜ். "பரிசீலிங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். அதற்குள் லயத்துப் பெண்கள் கஞ்சியோடு வந்து பம்பரில் உட்கார்ந்துவிட்டார்கள். சாவியைப் பிடுங்கு என்று அந்தோணியைப் பார்த்து யாரோ சொன்னார்கள். எனக்கு ரெண்டு பக்கமும் வேண்டியவங்க என்று அவன் பீடி பற்றவைத்தான்.

அனுபவஸ்தன் என்று என்னைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பினார்கள். கண்ணாடியருகே குனிந்து, முதலில் போராட்டத்தை விலக்கிக்கொள், பிறகு பேசலாம் என்றேன். செல்வமணி சிரித்தாள். "இதையேதான் மேனேஜர் இங்கிலீஷ்ல சொல்லுவாரு அண்ணே. தமிழ்ல கேக்க நல்லாத்தான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்து, நான் இதற்கு மேல் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் களைத்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது, ஆனால் கதவு திறக்கவில்லை. மழை வலுத்தது. கடைசியில் கமிட்டி இறங்கி வந்தது: வண்டி செல்வமணியின் வாசலில் நிற்கும்; குடோன் காலியாகக் கிடக்கக் கூடாது என்பதால் கமிட்டி இனி தினமும் குடோனுக்குள் கூடும். உரத் தூசியில் இருமிக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். இவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்தால் எங்கள் உடம்பு என்னாவது என்று பால்ராஜ் கேட்டதற்கு, வாசலில் இறங்கி நின்று செல்வமணி பதில் சொன்னாள்: "நீங்க இருங்க தம்பி, நீங்க என்ன இரும்பா?"

வண்டி இன்று அவள் வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்கிறது, மறுபடி புதிதாக மாட்டிய பைப்பில் துரு இல்லை, அவள் ஒரு நாளும் டயாலிசிஸைத் தவறவிடவில்லை; என் வாழ்நாளில் கோரிக்கை முழுசாக நிறைவேறிய ஒரே போராட்டம் எங்களை எதிர்த்து நடந்ததுதான்.