தனபால் ஊற்றாத குழம்பு

திருச்செங்கோட்டுத் தனபாலுக்கு அப்பா விட்டுப்போனது ஒரு போர்வெல் வண்டியும், அதை வைத்துப் பாறையைத் துளைக்கிற ட்ரில்லர் மாரியப்பனும். வருசா வருசம் தீபாவளி கழிந்ததும் வண்டி ராய்ப்பூர் பக்கம் போகும். ஆறு மாதம் அங்கே ஓடினால்தான் இங்கே அடுப்பு எரியும். அவன் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாகிவிட்டது.

கோயம்புத்தூர்க் கல்யாணம் ஒன்றில் மச்சான் முறைக்காரன் ஒருவன், "எனக்கு பெங்களூர்ல ஒரு கோச் இருக்காருங்க" என்று பீற்றினான். தனக்கும் ஒரு கோச் வேண்டும் என்று அன்றைக்கே தனபாலுக்குத் தூக்கம் போயிற்று.

"ஏனுங்க, கபடி கோச்சுங்களா?" என்று கேட்டாள் பெண்டாட்டி கிருத்திகா.

"எக்ஸிக்யூட்டிவ் கோச்" என்றான். அது என்ன கருமம் என்று அவனுக்கே தெரியாது.

பெங்களூரில் கண்ணாடிக் கட்டடம். போர்வெல் குழியை எட்டிக்கூடப் பார்த்திராத ஒருத்தன், தாடியைச் செதுக்கி விட்டுக்கொண்டு, "என்னென்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டான். தனபால் எல்லாம் சொன்னான். வண்டி கிளம்பும் நாளில் கிடா வெட்டி, ஆட்களுக்கு முதல் கரண்டிக் குழம்பைத் தானே ஊற்றுவதையும் சொன்னான். கோச் சிரித்தான்.

"நீங்க சி.இ.ஓ., சர்வர் இல்ல. பரிமாற ஆள் வெச்சு டெலிகேட் பண்ணுங்க. தள்ளி நின்னு பேசுங்க."

தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தது அந்த ஜென்மம்.

வண்டி கிளம்பும் நாள் வந்தது. முனியப்பன் கோயில் மரத்தடியில் இலை போட்டாயிற்று. பரிமாற, கையுறை மாட்டிய கேட்டரிங் ஆட்கள். தனபால் வேகாத வெயிலில் கோட்டு போட்டு மைக் பிடித்தான். விஷன் என்றான், டீம் என்றான். இலையில் கறி ஆவி பறந்தது, ஒருவரும் கை வைக்கவில்லை. முதலாளி ஊற்றாமல் அந்தப் பந்தியில் யாரும் சோறு பிசையமாட்டார்கள். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். தனபாலோ, எல்லோரும் தன் பேச்சில் சொக்கிப்போனதாக நினைத்தான். அட மானங்கெட்டவனே! அதைப் படம் பிடித்துக் கோச்சுக்கு வேறு அனுப்பினான். "வாவ், என்ன ஒரு கம்பீரம்!" என்று பதில் வந்தது.

குழம்பில் கொழுப்பு உறைந்தது. மாரியப்பன் எழுந்தார்.

"ஏனுங்க மொதலாளி, ஊட்டுல ஏதாச்சும் தீட்டுங்களா?"

"அதெல்லாம் இல்ல. இனிமே இப்பிடித்தான்."

"அப்ப எங்களுக்கு ஊத்தத்தான் உங்களுக்கு மனசு வரலீங்க. உங்கய்யன் காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட ரெண்டு பேரு தோளப் புடிச்சுக்கிட்டு வந்து ஊத்துனாருங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

தனபால் கோச்சுக்கு போன் போட்டான். "எதிர்ப்பு வந்தா மாற்றம் வருதுன்னு அர்த்தம் சார். விட்டுப் பிடிங்க" என்றான் அந்த மகராசன். இவனும் விட்டான்.

சாயங்காலம்தான் புத்தி வந்தது. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, குழம்பைச் சுடவைத்து வாளியில் ஊற்றிக்கொண்டு ஆட்களைத் தேடி ஓடினான். ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த பங்காளி சந்திரசேகரின் போர்வெல் வண்டி புறப்படத் தயாராக நின்றது. பக்கத்தில் பந்தி முடிந்திருந்தது. சந்திரசேகர் குழம்பு சிந்திய வேட்டியோடு எல்லோருக்கும் வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தான்.

"மாரியப்பண்ணா, ஒரே ஒரு கரண்டி" என்று வாளியை நீட்டினான் தனபால்.

மாரியப்பன் எழுந்து நின்று கும்பிட்டார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"வவுறு நெறஞ்சிருச்சுங்க சாமி" என்று சொல்லிவிட்டுச் சந்திரசேகரின் வண்டியில் ஏறிக்கொண்டார்.