மூடியில் ஒட்டிய பெயர்

ஃபெர்ரி எங்கள் தீவின் பாம்பூஃப்ளாட் துறையிலிருந்து கிளம்பிப் பாதி தூரம் வந்திருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் மகன் போன் செய்தான். "அம்மா காலையில போயிட்டாங்க மாமா. கஷ்டப்படல" என்றான். மாதக்கணக்கில் வலியோடு அவர் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். கரை இறங்கிய பிறகுதான் அழுகை வந்தது.

எங்கள் படகுப் பட்டறையின் எண்ணெய் ஸ்டோர் அக்கா பொறுப்பில் இருந்தது, அவரை வழியனுப்ப வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். நான் அங்கே மெக்கானிக். ஊற்றும்போது எண்ணெய் கேனின் மேல் வழிந்து, ஒட்டிய காகிதம் ஊறிக் கழன்றுவிடும். அதனால் அக்கா பெயர்களை மூடியில் ஒட்டினார். எண்ணெய் வழியாத இடம் அதுதானே. எங்களுக்கும் நல்ல யோசனையாகவே பட்டது.

ஒரு சனிக்கிழமை கேன்களின் வெளிப்பக்கத்தையும் மூடிகளையும் நான் கழுவி, மூடிகளைத் திரும்பப் போட்டுவைத்தேன். திங்களன்று ஒரு மீன்பிடிப் படகின் ஸ்டீயரிங்கில் ஹைட்ராலிக் ஆயில் என்று மூடியைப் பார்த்து ஊற்றினேன். உண்மையில் ஊற்றியது எஞ்சின் ஆயில்; அதோடு போனால் நடுக்கடலில் ஸ்டீயரிங் கைவிட்டுவிடலாம். புதிதில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். எஞ்சின் ஆயில் கேனில் கால்வாசிதான் இருந்தது என்பது அக்காவுக்கு நினைவிருந்தது. அந்தப் பெயர் ஒட்டிய மூடியைத் திறந்தால் கேன் நிறைய எண்ணெய்; மூடிகள் மாறியிருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. முழங்கால் வலியோடு படகுத்துறைக்கு ஓடினார். படகு கயிறு அவிழ்த்துக் கிளம்பிவிட்டிருந்தது.

"ரோக்கோ பாய், ரோக்கோ. தேல் கலத் ஹை" என்று, எண்ணெய் தப்பு, நிறுத்துங்கள் என்று இந்தியில் கத்தினார். படகில் இருந்த ஆறு பேரும் திரும்பி வந்தார்கள். எண்ணெயை வடித்து மாற்றியதும் அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மாதாவே, தப்பிச்சோம்" என்றார். முதலாளி விசாரித்தபோது, "என் ஸ்டோரு, என் பொறுப்பு" என்று முடித்துவிட்டார். மூடிகளை மாற்றிப் போட்டது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

அதற்குப் பிறகு லேபிள்களுக்கு அவர் வைத்த சோதனை இருக்கிறதே. ஒரு காலி கேனில் ஏழெட்டு வகை ஒட்டி, வெயிலில் வைத்தார், கடல்நீர் ஊற்றினார், டீசல் துணியால் தினமும் தேய்த்தார். "என்னக்கா, ஸ்டிக்கருக்குப் பரீட்சையா?" என்று கேலி செய்தோம். எழுத்து அழிந்தும் விழாமல் இருந்த ஒன்றைக் காட்டி, "கெட்டியா ஒட்டியிருக்கு, பேசத்தான் மாட்டேங்குது" என்றார். கடைசியில் எழுத்தின் மேல் கண்ணாடிபோல் இன்னொரு படலம் உள்ள பிளாஸ்டிக் லேபிள்தான் தேறியது. மெயின்லேண்டிலிருந்து வரவழைத்து, எண்ணெய் வழியாத பக்கமாகப் பார்த்துக் கேனிலேயே ஒட்டினார். "துடைக்காம ஒட்டாதீக" என்று எங்களை அரித்தெடுத்தார். அவை இன்றும் அப்படியே இருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை ஷாதிபூர் வீட்டில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு மூடிய மாத்திப் போட்டது நான்தான்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "மூடியில ஒட்டுனது நாந்தானே தம்பி. அந்த ஆறு பேரை நெனச்சு நான் இத்தன வருசமா ஜெபம் பண்ணிட்டுக் கெடக்கேன்." பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, தப்பு ஆளுக்குப் பாதி. ரெண்டு பேருக்கும் பாரம் கொறஞ்சுது."

அவர் போகும் முன் சொன்னேனே என்ற நிம்மதி எனக்குப் போதும். அக்கா தன் பாதியை அன்றே இறக்கி வைத்துவிட்டார். என் பாதியை நான் வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு மூடியையும் திருகும் முன் என்னை ஒரு தடவை நின்று பார்க்க வைப்பது அதுதான்.