பால் என்றால் பலபடித்தான கலவை

கறிவேப்பிலையும், எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் எண்ணெயில் பொரிகிற வாசனையோடு ஒரு பலகாரக் கடையைக் கடக்கும்போதெல்லாம், நாக்கில் எச்சில் ஊறுவதற்கு முன்பே எனக்கு ஒரு விடை ஊறிவிடுகிறது: பலபடித்தான கலவை.

எல்லாம் சித்தி செய்த வேலை. சமச்சீர்ப் புத்தகம் வருவதற்கு முந்தின காலம்; சிதம்பரத்தில் மாமா வீட்டுப் பின்கட்டில், அம்மாவின் தங்கையான அவள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் டியூஷன் எடுத்தாள். தாம்பாளத்தில் மிக்சரைக் கொட்டி, ஓமப்பொடி வேறு மல்லாட்டை வேறு என்று கண்ணுக்குத் தெரிவதால் இது பலபடித்தான கலவை, சர்க்கரைத் தண்ணீர் எந்த மடக்கிலும் ஒரே இனிப்பு என்பதால் ஒருபடித்தான கலவை, வெறும் சர்க்கரை தூய பொருள் என்று ஊட்டியே விட்டாள். அதற்குப் பிறகு எந்தப் பொருளின் பெயர் காதில் விழுந்தாலும் நாங்கள் கோரஸாக வகையைக் கத்த வேண்டும். கத்தாத வாய்க்கு மிக்சர் கிடையாது.

அந்தச் சித்தியைப் பெண் கேட்டு, அவள் விரும்பிய பையனின் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு கடலூரிலிருந்து வந்தார். காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் வைத்திருந்த மாமாவுக்கு, வேதக்காரர் வீட்டுச் சம்பந்தம் என்றதுமே முகம் உமி மூட்டையாகிவிட்டது. அண்ணன் சம்மதிக்காமல் கல்யாணமில்லை என்று சொல்லியிருந்த சித்தி, அடுப்படியில் ஆறிப்போன காபியை ஆற்றிக்கொண்டே நின்றாள்.

மாமா செருமினார். "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. எங்க குடும்பம் பசும்பால் மாதிரி சுத்தம்."

"பலபடித்தான கலவை" என்றோம் பின்கட்டிலிருந்து.

"அதுங்க படிக்குதுங்க. நான் இன்னா சொல்றேன்னா, நாங்க இருவத்திரெண்டு கேரட் தங்கம்."

"ஒருபடித்தான கலவை."

வந்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா அடுப்படிப் பக்கம் திரும்பினார். "ஏண்டி, இன்னாதாண்டி சுத்தம் உம் பாடத்துல?"

சித்தி அன்று முதன்முதலாக வாயைத் திறந்தாள். "காய்ச்சி வடிச்ச தண்ணி. டிராக்டர் பேட்டரிக்கு ஊத்துவியேண்ணா, அது."

"அதக் குடிக்க முடியுமா?"

"குடிச்சா ஒரு ருசியும் இருக்காது."

மாமா மேசை விசிறியை வந்தவர் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, "அவுங்களுக்குக் காபியாவது குடுத்தியா?" என்றார். காபி எந்த வகை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்தப் பின்கட்டு செல்போன் கடையாகிவிட்டது, மாமாவும் இல்லை. சித்தியின் பெண் பாடத்தைக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனியாகப் படிக்கிறாள், கோரஸுக்கு ஆளில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அந்த அம்மா ஏறிய கடலூர் பஸ் உறுமிக் கிளம்பும்போது, கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா சொன்னது மட்டும் இன்னும் கேட்கிறது:

"அடுத்த தடவ வர்றப்ப பையனோட அப்பாவையும் கூட்டியாங்க, சம்மந்திம்மா."