அண்ணே என்று கூப்பிட்டால்

பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் மின்னணுத் தொழிற்சாலையில், எங்கள் சோதனைப் பிரிவின் தலைமைப் பதவி காலியானது. நானும் விண்ணப்பித்தேன். மேலாளர் என்னைத் தனியே அழைத்தார். சீனப் பெண்மணி, என்மீது அக்கறை உள்ளவர். வேலையில் குறையே இல்லை என்றார். ஆனால் மூத்த டெக்னீஷியனைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் ‘அண்ணே’ என்கிறாயே, அண்ணனுக்கு எப்படி உத்தரவு போடுவாய் என்று நேர்காணலில் கேட்பார்கள், யோசித்து வை என்றார்.

வீடு இருக்கும் ஜெலுத்தோங் வரும்வரை பேருந்தில் அந்த டெக்னீஷியனின் பெயரை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். என் சித்தப்பா வயது அவருக்கு. நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, கேட்காமலே நாற்காலி கொண்டுவந்து போட்டவர். வெறும் பெயர் வாயில் வரவில்லை.

மறுநாள் கூட்டத்தில் அவர் பெயரோடு ‘மிஸ்டர்’ சேர்த்துச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“என்னம்மா, ஒரே ராத்திரியில என்னை மிஸ்டராக்கிட்ட? இன்னும் போஸ்ட்கூட கெடைக்கல லா!”

பக்கத்து மேசையே சிரித்தது. அவரும் சிரித்தார்தான். ஆனால் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று மாலை அவர் அனுப்பத் தயாராக வைத்திருந்த சிப்புகளில் சிலவற்றின் சோதனை அளவீடு சரியாக இல்லை. எதையும் யோசிக்கவில்லை.

“அண்ணே, இது போகக்கூடாது. மறுபடி டெஸ்ட் பண்ணணும்.”

“பஸ் வந்துரும்மா. நாளைக்குப் பாக்கலாம் லா.”

“இல்லண்ணே, இன்னிக்கே.”

முணுமுணுத்தார். பிறகு வீட்டுக்குப் போன் செய்து தாமதமாகும் என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினார். நானும் கூடவே இருந்தேன்.

நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தது. “அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். தப்பு இருந்தால் அவர் வேலையை நிறுத்தவும் செய்வேன்,” என்றேன். திமிராகப் பட்டிருக்குமோ என்று இன்றும் நினைக்கிறேன். இப்போதைக்கு என்னை ஆறு மாதம் தற்காலிகத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். அதன்பிறகு பார்ப்பார்களாம்.

நேற்று எங்கள் அடுக்குமாடியின் விளையாட்டுத் திடலில் என் மகள் ஊஞ்சலை விட்டு இறங்கி வந்தாள்.

“அந்த அக்கா ஊஞ்சல் கேட்டாங்கம்மா. குடுத்துட்டேன்.”

நல்ல பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தவள் மாற்றிக்கொண்டேன். “‘நான் இன்னும் ஆடணும், அக்கா’ன்னு சொல்லிப் பாரேன்,” என்றேன். நாலு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா, தெரியவில்லை. அவள் போய் ஊஞ்சலில் இருந்த அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றாள். வாயைத் திறக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.