நீரூற்றடியில் சம்பந்தம் பேசியது

போன கிழமை கொழும்பில், ஓவியக்கூடமும் நாடக அரங்கும் இருக்கிற தெருவால் நடந்தேன். அங்கேயிருக்கிற பெரிய நீரூற்றைச் சுற்றித் தகரம் அடித்திருந்தார்கள். ஓட்டையால் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை, காய்ந்த பாசி மணம் மட்டும். கலை என்னை எங்கேயும் கொண்டுபோனதில்லை, ஆனால் அந்த மணம் நேரே புத்தளத்து உப்பளத்தில் கொண்டுபோய் விட்டது.

யுத்தம் முடிந்த மறு வருசமாக இருக்கும். அங்கே நான் கணக்கு எழுதும் கிளாக்கர். உப்புத் தண்ணீரின் பதம் பார்க்க என்னிடம் கண்ணாடி மீற்றர் இருந்தது. உப்புப் பாத்தியில் வேலை செய்த ஹமீது நானாவிடம் சுட்டுவிரல் இருந்தது. தொட்டு நாக்கில் வைத்து, "உப்பு விளைய இன்னும் ரெண்டு நாள்" என்பார். சரியாக இரண்டு நாள்தான். மீற்றரை நம்பி நாங்கள் அள்ளியது பெரும்பாலும் சேறு.

அண்ணன் முறைக்கு எல்லாரும் நானா என்று கூப்பிட்ட அவர், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் குடியேறியவர். மகள் பரீனாவைப் பார்க்க வந்த இரண்டு இடத்தார், உப்பள வேலைக்காரன் மகள் என்று தெரிந்ததும் எழும்பிப் போயிருந்தார்கள். மூன்றாவது சம்பந்தம் கொழும்பில். இதுவும் போனால் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பது என்று மனிதர் சாப்பாடே இறங்காமல் திரிந்தார். தரகர் ஒரு வழி சொன்னார்: தகப்பன்மார் முதலில் கொழும்பில் இந்த நீரூற்றடியில் சந்திக்கட்டும். பிடிக்காவிட்டால், தண்ணீர் பார்க்க வந்த ஆட்களாகப் பிரிந்துபோகலாம்.

நாலு புத்தகம் படித்தவன் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். என் நல்ல சேட் ஒன்றை அவருக்குப் போட்டுவிட்டு, பஸ்ஸில் பாடமும் நடத்தினேன்.

"வேலை கேட்டா உப்பு யாவாரம் எண்டு சொல்லுங்க."

"பொய்யா தம்பி?"

"பொய்யில்ல நானா, சுருக்கம்."

நீரூற்றைக் கண்டதும் நான் சிற்பக்கலை பற்றி விளக்கத் தொடங்கினேன். திரும்பினால் நானா குனிந்து, விரலைத் தொட்டியில் விட்டு, நாக்கில் வைத்திருந்தார்.

"பைப்புத் தண்ணி. மாத்திக் கன நாள்."

பின்னால் தொப்பி போட்ட ஒருவர் நின்றார். மாப்பிள்ளையின் தகப்பன்.

"என்ன நானா பாக்கிறீங்க?"

"இவர் உப்பு யாவா..." என்று நான் தொடங்கினேன்.

"இல்ல," என்றார் நானா. "உப்பளத்தில பாத்தி வேல. தண்ணியக் கண்டா விரல் நிக்காது. மகளுக்காக மறைக்கப் பாத்தம், ஏலாமப் போச்சு."

அந்த மனிதர் நானாவின் தோளில் கை வைத்து, தையலை நெருடிப் பார்த்தார்.

"இந்த சேட் ஒங்கடதில்லயே. தோள்ல ரெண்டு விரல் கூட. நான் டெய்லர், என்ட கையும் நிக்காது." பிறகு என்னைப் பார்த்தார். "தச்சவனும் சரியில்ல."

நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வீட்ட எப்ப வாறீங்க?" என்றார்.

கலியாணத்துக்கு நானாவின் சேட்டை டெய்லர்தான் தைத்தார். பிறகு கன வருசம், பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் சம்பந்திமார் போனில் கதைப்பார்கள். மகளும் மருமகனும் கோபித்துக்கொண்டு முகம் பாராமல் இருந்த மாதங்களிலும் அந்தக் கதை நிற்கவில்லை. என்னத்தைக் கதைத்தீர்கள் என்று கேட்டால், "ஒண்டுமில்ல" என்பார் நானா.

போன வருசம் டெய்லர் நோயில் படுத்து மௌத்தாகிவிட்டார். நானா இப்போதும் அஸருக்கு முன் போனுக்குச் சார்ஜ் ஏற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். அது அடிப்பதில்லை, அவரும் யாருக்கும் எடுப்பதில்லை.