அண்ணா பாஸான வருஷம்

என் அண்ணா காலேஜில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஒரு தடவை கோட்டை விட்டவன். அவனுக்குத் தெரிந்த படிப்பு மனப்பாடம் ஒன்றுதான். மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி மந்திரம் மாதிரி ஒப்பிப்பான். நடுவில் தடுக்கினால் பழையபடி முதலிலிருந்து. புத்தகத்தை வைத்துக்கொண்டு சரிபார்ப்பது என் வேலை. நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குக் காலேஜ் கட்டுப்படியாகாது, அவன் தேறட்டும், அப்புறம் நீ சேரலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் பரீட்சை நெருங்க நெருங்க அவனைவிட எனக்குத்தான் கவலை.

கேட்டுக் கேட்டு எனக்கே பாடம் பிடிபட்டுவிட்டது. கரி அணு ஒவ்வொன்றுக்கும் நாலு கை. எந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தால் பாதிப் புத்தகம் தானாக வரும். அந்த மண்டுவுக்குச் சொன்னால் ஏறவில்லை. ஒரு நாள், வற்றல் போட அம்மா வாங்கி வைத்திருந்த சுண்டைக்காயில் கொஞ்சம் அள்ளி, துடைப்பத்து ஈர்க்குச்சியை உருவிக் குத்தினேன். காய்தான் கரி அணு, குச்சி அதன் கை. நாலு காயை வரிசையாகக் கோத்தால் ஒரு ரசாயனச் சரக்கு. மூன்றைக் கோத்து நாலாவதை நடுக்காயில் மாட்டினால் அதே நாலு காய், வேறு சரக்கு. அண்ணா திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதை ஏண்டி முன்னாடியே சொல்லலை?” என்றான்.

அம்மாவிடம் வசவு எனக்கு. அவன் ஒப்பிப்பதை விட்டான். நல்ல மார்க்கோடு தேறினான்.

ரிசல்ட் வந்த சாயங்காலம் கூடம் நிறைய மனிதர்கள். தியாகராய நகர் மாமி ஒருத்தி எனக்கு ஒரு ஜாதகமும் கொண்டுவந்திருந்தாள். எல்லோர் எதிரிலும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“நீ சொல்லும்மா. காலேஜ்ல சேர்றியா, இல்லே இந்த வரனைப் பார்க்கட்டுமா?”

பெரியவர்கள் கேட்டால் ஆசையைச் சட்டென்று சொல்லிவிடாமல் இருப்பதுதான் அடக்கம் என்று என்னை வளர்த்திருந்தார்கள். அப்பாவுக்கா என் மனசு தெரியாது? தரையைப் பார்த்துக்கொண்டு, “உங்க இஷ்டம்ப்பா” என்றேன். மாமி மெச்சிக்கொண்டாள். ஆவணியில் கல்யாணம் ஆயிற்று.

மறுவருஷம் அப்பா என் புக்ககத்துக்கு வந்தார். வழியனுப்ப வாசலுக்குப் போனபோது, எனக்குப் படிக்க ஆசை என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேவிட்டேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

அப்பா செருப்பை மாட்டிக்கொள்ளாமல் நின்றார். “மனசை மாத்திண்டுட்டேன்னு நெனச்சேன்டி. காலேஜ்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த மாமியை அப்பவே அனுப்பியிருப்பேனே.”

அவரைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.